விநியோகத்துக்கு முன்னால் ஒரு கமா

என்னிடம் மாலை வகுப்பில் ஆங்கிலம் எழுதப் பழகும் தம்பி ஒருவர் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறார். பேச்சில் சமாளித்துவிடுவார். எழுத உட்கார்ந்தால்தான் தடுமாற்றம். ஒரு நாள் வகுப்புக்கு வந்ததும் வராததுமாகச் செல்போனை நீட்டி, தான் அனுப்பிய மெயில் ஒன்றைக் காட்டினார்.

‘ப்ளீஸ் செண்ட் ரைஸ் பேக்ஸ் ஆயில் டின்ஸ் அண்ட் சோப் பாக்சஸ் வித் பில்’

தொடக்கத்தில் கேபிடல் லெட்டர் இல்லை, நடுவில் கமா இல்லை, முடிவில் புள்ளியும் இல்லை. அரிசி மூட்டை, எண்ணெய் டின், சோப்புப் பெட்டி மூன்றுக்கும் பில் கேட்டதாக அவர் நினைத்தார். அந்தப் பக்கத்தில் படித்தவர், ‘வித் பில்’ என்பது சோப்புப் பெட்டியோடு மட்டும் ஒட்டியது என்று எடுத்துக்கொண்டு சோப்புக்கு மட்டும் பில் வைத்து ஏற்றிவிட்டார். மற்ற இரண்டுக்கும் பில் வந்து சேரும்வரை வண்டி ஒரு ராத்திரி முழுக்க நின்றது. டிரைவர் வண்டியிலேயே படுத்துக் கிடந்தார்.

“நான் மூணுக்கும்தான் சார் கேட்டேன். ஒரு கமா போடாததுக்கா இவ்வளவு?” என்றார்.

கமா போட்டிருந்தாலும் அந்த வரி முழுக்கச் சரியாகியிருக்காது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அன்றைக்கு அவர் கேட்ட கேள்விக்குப் பதிலாக ஒரு வழக்கைச் சொன்னேன். அதுவும் சரக்கு வண்டி ஓட்டுகிறவர்களின் வழக்கு. ஆங்கில நிறுத்தக்குறிகளைக் கற்க வருகிற எல்லோருக்கும் நான் சொல்லும் வழக்கு அது. பலரும் அதை ‘ஒரு கமா 50 லட்சம் டாலரைப் பறித்த கதை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படி முடித்தால் கற்க வேண்டியது எல்லாம் கைநழுவிப் போகும். அதனால் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

வழக்கு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது மெய்ன் மாநிலம். அங்கே போர்ட்லண்ட் நகரில் 1921 முதல் இயங்கிவரும் பால் நிறுவனம் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி. அந்த நிறுவனத்தின் பாலையும் பால் பொருட்களையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்த டிரைவர்களில் ஐந்து பேர் 2014இல் வழக்குத் தொடுத்தார்கள். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால், கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும் என்பது மெய்ன் மாநிலச் சட்டம். எங்களுக்கு அது கிடைக்கவில்லை என்றார்கள் டிரைவர்கள். சட்டத்திலேயே சில வேலைகளுக்கு விலக்கு இருக்கிறது, உங்கள் வேலையும் அதற்குள் அடக்கம் என்றது நிறுவனம்.

விலக்கு பெற்ற வேலைகளின் பட்டியல் ஒரே வாக்கியம். ஆங்கிலச் சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன். கமாக்களை மட்டும் உன்னிப்பாகப் பாருங்கள்.

‘தி கேனிங், பிராசஸிங், பிரிசர்விங், ஃப்ரீஸிங், டிரையிங், மார்க்கெட்டிங், ஸ்டோரிங், பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன் ஆஃப்:’

இதன் பிறகு விளைபொருட்கள், இறைச்சி மற்றும் மீன் பொருட்கள், சீக்கிரம் கெட்டுப்போகும் உணவுகள் என்று மூன்று வகைகள் வருகின்றன. பால் மூன்றாவது வகையில் சேரும். அதில் சச்சரவு இல்லை. எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்பதும் மேல்முறையீட்டில் பேச்சாக இல்லை. கேள்வி ஒன்றுதான்: அந்தப் பட்டியலில் இருக்கும் வேலைகள் எட்டா, ஒன்பதா?

டப்பாவில் அடைப்பது, பதப்படுத்துவது, கெடாமல் காப்பது, உறைய வைப்பது, உலர்த்துவது, சந்தைப்படுத்துவது, இருப்பு வைப்பது என்று ஏழு வேலைகள் தெளிவாக நிற்கின்றன. எட்டாவதாக ‘பேக்கிங்’ வருகிறது. சிக்கல் அங்கேதான். ‘ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்ற இரண்டும் சேர்ந்து ‘பேக்கிங் ஃபார்’ என்பதன் கீழ் வந்தால், அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பொட்டலம் கட்டுவது என்ற ஒரே வேலைதான் எட்டாவது. பட்டியல் அதோடு முடிந்தது. டிரைவர்கள் பொட்டலம் கட்டுவதில்லை, வண்டி ஓட்டி விநியோகிக்கிறார்கள். அப்படியானால் அவர்களுக்கு விலக்கு பொருந்தாது, ஒன்றரை மடங்கு கூலி உண்டு. ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட்’ எட்டாவது, ‘டிஸ்ட்ரிபியூஷன்’ தனியாக ஒன்பதாவது என்று படித்தால், விநியோகமும் விலக்குக்குள் வந்துவிடும். கூலி கிடையாது.

‘ஷிப்மென்ட்’ என்ற சொல்லுக்குப் பின்னால், ‘ஆர்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கமா இருந்திருந்தால் ஒன்பது வேலைகள் என்பதில் யாருக்கும் ஐயம் வந்திருக்காது. அங்கே கமா இல்லை.

பட்டியலின் கடைசி உருப்படிக்கு முன்னால், ‘அண்ட்’ அல்லது ‘ஆர்’ வருவதற்கு முன் இடும் இந்தக் கமாவுக்கு ஆக்ஸ்ஃபோர்டு கமா என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் தன் நூல்களில் அதை இடும் வழக்கத்தை விடாமல் பிடித்திருந்ததால் வந்த பெயர். ஆங்கிலப் பத்திரிகைகள் பலவும் எளிய பட்டியல்களில் அதை இடுவதில்லை. நம் ஊர்ப் பள்ளிகளில் ‘அண்டுக்கு முன்னால் கமா போடாதே’ என்று சொல்லிக்கொடுத்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாமெல்லாம். அது ஒரு பழக்கம், விதி கிடையாது என்பதை யாரும் சொன்னதில்லை.

இரண்டு பக்கத்து வாதங்கள்

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கோடிக்கணக்கான ரூபாய்ப் பிரச்சினையில் வழக்கறிஞர்கள் ஏழாம் வகுப்பு இலக்கணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மோதுகிறார்கள். இரு தரப்பிலும் வலு இருக்கிறது.

நிறுவனம் முதலில் சொன்னது, சட்டத்தில் வெற்றுச் சொல் இருக்காது என்பது. ஷிப்மென்ட் என்றாலும் டிஸ்ட்ரிபியூஷன் என்றாலும் அனுப்புவதுதானே? இரண்டையும் பேக்கிங்கின் கீழ் வைத்தால் ஒரே பொருளை இரண்டு முறை சொன்னதாகும். ஆகவே டிஸ்ட்ரிபியூஷன் தனி வேலைதான்.

அடுத்தது ‘ஆர்’ என்ற இணைப்புச் சொல்லைப் பற்றியது. ஆங்கிலத்தில் பட்டியல் போட்டால் கடைசி உருப்படிக்கு முன் ‘அண்ட்’ அல்லது ‘ஆர்’ வந்தாக வேண்டும். டிரைவர்கள் சொல்வதுபோல் பேக்கிங்தான் கடைசி என்றால், அதற்கு முன்னால் ‘ஆர்’ எங்கே? வாக்கியம் முழுக்கத் தேடினாலும் இருப்பது ஒரே ‘ஆர்’. அது டிஸ்ட்ரிபியூஷனுக்கு முன்னால் இருக்கிறது. எனவே கடைசி உருப்படி அதுவே. வலுவான வாதம் என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது, மெய்ன் மாநிலத்தின் சட்ட வரைவுக் கையேடு. பட்டியலின் கடைசி இரண்டு உருப்படிகளுக்கு நடுவில் கமா இடாதீர்கள் என்று அந்தக் கையேடே சட்டம் எழுதுவோருக்குச் சொல்கிறது. பிறகு கமா இல்லாததை வைத்து எப்படிப் பொருள் கொள்ள முடியும் என்று கேட்டது நிறுவனம்.

டிரைவர்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார்கள். ஷிப்மென்ட் என்பது வெளியார் மூலம் அனுப்புவது, டிஸ்ட்ரிபியூஷன் என்பது தன் சொந்த ஆட்களை வைத்துக் கொண்டுசேர்ப்பது, ஆகவே இரண்டும் வேறு என்றார்கள். நிறுவனத்தின் உள் அமைப்பு வரைபடமே இரண்டையும் தனித்தனி வேலைகளாகக் காட்டியது போலிருப்பதை நீதிமன்றம் கவனித்தது. ‘ஆர்’ விஷயத்தில், இணைப்புச் சொல் இல்லாமலும் ஆங்கிலத்தில் பட்டியல் அமைவதுண்டு என்றார்கள். தமிழ் படித்தவருக்கு இது வியப்பாகத் தோன்றாது. ‘வீடு வாசல் நிலபுலம்’ என்று உம்மை தொக்கி நிற்க நாம் அடுக்கிக்கொண்டே போகிறோம் அல்லவா?

அவர்களுடைய கூர்மையான வாதம் ‘இங்’ பற்றியது. பட்டியலைத் திரும்பப் படியுங்கள்: கேனிங், பிராசஸிங், பிரிசர்விங், ஃப்ரீஸிங், டிரையிங், மார்க்கெட்டிங், ஸ்டோரிங், பேக்கிங். விலக்கு பெற்ற ஒவ்வொரு வேலையும் ‘இங்’ என்று முடிகிறது. நம் இலக்கணத்தில் தொழிற்பெயர் என்போமே, அதுபோல: அடைத்தல், உலர்த்தல், கட்டுதல். ஷிப்மென்ட்டும் டிஸ்ட்ரிபியூஷனும் அப்படி முடியவில்லை. டிஸ்ட்ரிபியூஷன் தனி வேலையாக இருந்திருந்தால் ‘டிஸ்ட்ரிபியூட்டிங்’ என்றுதானே எழுதியிருப்பார்கள்? ஷிப்மென்ட்டோடு அதன் சாயல் ஒத்துப்போகிறது, எனவே அந்த இரண்டும் ஜோடி, இரண்டும் ‘ஃபார்’ என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டவை என்றார்கள். கமா சொல்லாமல் விட்டதைச் சொல்லின் விகுதி சொல்கிறது என்ற இந்த வாதத்தை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிறைவு. விகுதியைப் பார்த்துப் பொருள் பிரிப்பது நம் இரத்தத்தில் ஊறியது.

வரைவுக் கையேட்டுக்கும் பதில் இருந்தது. கமா இடாதே என்று சொல்லும் அதே கையேடு, பட்டியலின் ஓர் உருப்படிக்கு மட்டும் அடைமொழி வந்தால் கவனம் என்று எச்சரிக்கிறது. டிரெய்லர்கள், செமி டிரெய்லர்கள், கம்பம் ஏற்றும் டிரெய்லர்கள் என்று அடுக்கிவிட்டு, கடைசியில் ‘3,000 பவுண்டு எடையோ அதற்குக் குறைவோ உள்ளவை’ என்று சேர்த்தால், அந்த எடை வரம்பு மூன்றுக்கும் பொருந்துமா, கடைசிக்கு மட்டுமா என்று தெரியாமல் போகும் என்பது அது தரும் எடுத்துக்காட்டு. நம் தம்பியின் ‘சோப் பாக்சஸ் வித் பில்’ அச்சு அசலாக அதுவே. மெய்ன் மாநிலத்துச் சட்ட வரைவாளருக்கும் நாமக்கல் புக்கிங் கிளார்க்குக்கும் ஒரே இடத்தில் கால் இடறுகிறது.

தீர்ப்பு என்ன சொன்னது

கீழ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. கமா இல்லாவிட்டாலும் சட்டமன்றத்தின் நோக்கம் தெளிவு என்றது. டிரைவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2017 மார்ச் 13 அன்று முதல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பு வழங்கியது. எழுதியவர் நீதிபதி டேவிட் பேரன். ஒரு கமா இல்லாமற்போனதால் இந்த வழக்கு நம்மிடம் வந்திருக்கிறது என்ற பொருள்பட முதல் வரியைத் தொடங்குகிறார்.

அந்த முதல் வரி உலகம் முழுக்கப் பரவியது. அதைப் படித்தவர்களில் பலர் மீதித் தீர்ப்பைப் படிக்கவில்லை என்பது என் எண்ணம். ‘கமா இல்லை, ஆகவே டிரைவர்கள் சொல்லும் பொருள்தான் சரி’ என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை. இரு தரப்பு வாதங்களையும் எடைபோட்டுவிட்டு, வாக்கியம் இரண்டு பொருளுக்கும் இடம் தருகிறது, எதுவும் முடிவாக இல்லை என்றது. அடுத்து மெய்ன் மாநிலத்தின் ஒரு கோட்பாட்டைப் பிடித்தது: கூலி, வேலைநேரச் சட்டங்களில் ஐயம் எழுந்தால், அந்தச் சட்டம் எந்த நன்மைக்காக இயற்றப்பட்டதோ அது நிறைவேறும் வகையில் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும். ஓவர்டைம் சட்டம் உழைப்பவருக்காக வந்தது. எனவே விலக்கைக் குறுக்கிப் படித்து, டிரைவர்கள் சொன்ன பொருளை ஏற்றது.

இந்த வேறுபாட்டை நான் வகுப்பில் விடாப்பிடியாகச் சொல்வேன். கமா இல்லாததால் டிரைவர்கள் சொன்ன பொருள் நிலைபெற்றுவிடவில்லை. ஐயம் ஒன்று பிறந்தது, அவ்வளவுதான். ஐயம் பிறந்தபின் யார் பக்கம் சாய்வது என்பதை வேறு ஒன்று முடிவு செய்கிறது. நீதிமன்றத்தில் அது சட்டக் கோட்பாடு. லாரி ஆபீசில் அது, மெயிலைப் படிப்பவரின் அவசரமும் அலுப்பும்.

வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. 2018 பிப்ரவரியில் சமரசம் ஏற்பட்டது: 50 லட்சம் டாலர். வழக்குத் தொடுத்த ஐந்து டிரைவர்களுக்குத் தலா 50,000 டாலர், மற்றவர்களுக்கு அவரவருக்குச் சேர வேண்டிய கூலிக்கு ஏற்ப. மொத்தம் 127 டிரைவர்கள்.

பணம் கைமாறுவதற்கு முன்பே, 2017இலேயே, மெய்ன் சட்டமன்றம் அந்த வாக்கியத்தைத் திருத்திவிட்டது. திருத்திய வரி இது:

‘தி கேனிங்; பிராசஸிங்; பிரிசர்விங்; ஃப்ரீஸிங்; டிரையிங்; மார்க்கெட்டிங்; ஸ்டோரிங்; பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட்; ஆர் டிஸ்ட்ரிபியூட்டிங் ஆஃப்:’

கமாவெல்லாம் செமிகோலன் ஆகிவிட்டது. விடுபட்ட இடத்திலும் ஒன்று ஏறிவிட்டது. அதோடு நிற்காமல் டிஸ்ட்ரிபியூஷனை டிஸ்ட்ரிபியூட்டிங் என்றும் மாற்றியிருக்கிறார்கள். டிரைவர்கள் சுட்டிக்காட்டிய ‘இங்’ ஓட்டையையும் அடைத்தாகிவிட்டது.

தமிழ்க் காதுக்கு ஏன் இது பிடிபடுவதில்லை

என் மாணவர்கள் கமாவை விடுவது அசட்டையால் வருவது என்று தொடக்கத்தில் நானும் நினைத்துத் திட்டியிருக்கிறேன். அது தவறு. அவர்கள் தமிழிலிருந்து கொண்டுவரும் பழக்கம் அப்படி.

நம் குறிகளின் பெயர்களைப் பாருங்கள். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. கால், அரை, முக்கால், முழுசு. அளவைக் குறிக்கும் பெயர்கள். இலக்கண வகுப்பில் காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு மாத்திரை நேரம் நிறுத்த வேண்டும் என்று சொல்லித் தருவதுண்டு. மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம். ஆக, நமக்குக் கமா என்றால் மூச்சு விடும் இடம். ஓர் இமைப்பு நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன?

மேற்கிலும் இது மூச்சில் தொடங்கியதுதான். கி.மு. 200 வாக்கில் அலெக்சாண்டிரியா நூலகத்தில் இருந்த அரிஸ்டோபனிஸ் என்ற அறிஞர் கிரேக்க நூல்களை வாய்விட்டுப் படிப்பவருக்காக மூன்று உயரங்களில் புள்ளி வைக்கும் முறையை வகுத்தார். கமா, கோலன், பீரியட் என்ற சொற்கள் பேச்சின் சிறிய, நடுத்தர, பெரிய துண்டுகளின் பெயர்களாக இருந்து, பிறகு குறிகளின் பெயர்களாயின. போகப்போக ஆங்கிலத்தில் அந்தப் புள்ளிகள் மூச்சை விட்டுவிட்டு இலக்கண வேலைக்குப் போய்விட்டன. நம் மொழியில் அந்த வேலையைச் செய்ய வேறு ஆள் இருந்ததால் போக வேண்டிய தேவை வரவில்லை.

அந்த ஆள் ‘உம்’. நன்னூல் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது, அதில் ஒன்று எண்ணுவது. ‘அரிசியும் எண்ணெயும் சோப்பும்’ என்றால் ஒவ்வொரு பொருளும் தன் முதுகிலேயே தன் எண்ணைச் சுமந்துகொண்டு வருகிறது. அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று காட்ட வெளியிலிருந்து ஒரு குறி தேவையில்லை. ஆங்கிலத்தில் பட்டியலுக்கு ஒரே ஒரு ‘அண்ட்’. அதுவும் கடைசியில். நடுவில் இருப்பவற்றைப் பிரித்துக் காட்டக் கமாவைத் தவிர வேறு நாதி இல்லை.

இதை வகுப்பில் இப்படிக் காட்டுவேன். ‘ஐ தேங்க் மை பிரதர்ஸ், முருகன் அண்ட் செல்வம்.’ நன்றி எத்தனை பேருக்கு? ‘என் அண்ணன்களான முருகனுக்கும் செல்வத்துக்கும்’ என்றால் இரண்டே பேர். ‘என் அண்ணன்களுக்கும் முருகனுக்கும் செல்வத்துக்கும்’ என்றால் கூடுதல் ஆட்கள். தமிழில் ‘ஆன’ என்ற ஒரு சொல்லும் ‘உம்’ என்ற ஒரு விகுதியும் செய்கிற வேலையை ஆங்கிலத்தில் முருகனுக்குப் பின்னால் வரும் கமா செய்ய வேண்டியிருக்கிறது. அந்தக் கமாவும் எல்லா இடத்திலும் காப்பாற்றும் என்று சொல்ல மாட்டேன். ‘மை பிரதர், முருகன், அண்ட் செல்வம்’ என்று எழுதினால் முருகன்தான் அந்த அண்ணனா என்ற புதுக் குழப்பம் கிளம்பும்.

தமிழிலும் கமா பொருளை மாற்றும் இடங்கள் உண்டு. ‘அவள் அக்காள் வீட்டுக்குப் போனாள்’ என்பதற்கும் ‘அவள், அக்காள் வீட்டுக்குப் போனாள்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு பள்ளியில் படித்ததுதான். ஆனால் நம் அன்றாட எழுத்தில் அப்படிப்பட்ட இடம் அபூர்வம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை நான் வகுப்பில்தான் கற்றுக்கொண்டேன். மெய்ன் சட்ட வரியைக் கரும்பலகையில் எழுதி, மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒருவரையொருவர் பார்க்காமல் தமிழில் எழுதச் சொன்னேன். முதல் குழு, ‘இருப்பு வைத்தல், அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பொட்டலம் கட்டுதல்’ என்று முடித்தது. இரண்டாவது குழு, ‘இருப்பு வைத்தல், அனுப்புவதற்காகப் பொட்டலம் கட்டுதல், விநியோகித்தல்’ என்று முடித்தது. தாள்களை மாற்றிக்கொண்டு படித்தபோது இரண்டு பக்கமும் முகத்தைப் பார்த்தேன். எதிர்க்குழு தப்பாக மொழிபெயர்த்துவிட்டது என்றே இரண்டு குழுவும் நினைத்தன. ஆங்கில வரியில் இன்னொரு பொருள் இருக்கிறது என்பது அதுவரை யார் கண்ணிலும் படவில்லை.

தமிழில் அந்த வரியை இரு பொருள்பட எழுதிப் பாருங்கள், வராது. ஆங்கிலத்தில் ‘பேக்கிங்’ முதலில், எதற்காக என்பது பின்னால். பின்னால் வருவது எங்கே முடிகிறது என்று சொல்ல ஆளில்லை. தமிழில் எதற்காக என்பது முன்னால் வந்துவிடுகிறது, ‘கட்டுதல்’ கடைசியில் வந்து கதவைச் சாத்துகிறது. கதவுக்கு உள்ளே விநியோகம் இருந்தால் எட்டு வேலை, வெளியே நின்றால் ஒன்பது. எழுதுகிறவர் முடிவு செய்தே ஆக வேண்டும். இப்படி ஒரு மொழியில் வளர்ந்தவருக்கு, முடிவு செய்யாமலே ஒரு வாக்கியத்தை எழுதி முடிக்க முடியும் என்பது தோன்றுவதில்லை. ஆங்கிலத்தில் நம்மவர் எழுதும்போது இடறுவது இங்கேதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

மொழி மாறினால் ஐயம் கரைந்துபோகும் என்பதற்குக் கனடாவில் ஒரு சான்று இருக்கிறது. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் மின்கம்பங்களைப் பயன்படுத்துவது தொடர்பாக ராஜர்ஸ், அலையன்ட் என்ற இரண்டு நிறுவனங்களுக்கு இடையே ஒப்பந்தம். ஐந்து ஆண்டுக்குச் செல்லும், அதன்பின் ஐந்தைந்து ஆண்டாக நீளும், ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து நிறுத்தினால் ஒழிய, என்பது அதன் சாரம். ‘அன்லெஸ்’ என்ற சொல்லுக்கு முன்னால் இருந்த கமாவை வைத்து, முதல் ஐந்து ஆண்டுக்குள்ளேயும் அறிவிப்புக் கொடுத்து நிறுத்தலாம் என்று 2006இல் ஒழுங்குமுறை ஆணையம் சொன்னது. மறு ஆண்டு அதே ஆணையம் அதே ஒப்பந்தத்தின் பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்தது. அதில் அந்த இரண்டாம் பொருளுக்கு இடமே இல்லை. முடிவு மாறியது.

கேபிடல் லெட்டர்

இதற்கு அதிகம் எழுதத் தேவையில்லை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பாகுபாடே இல்லாததால், முதலில் அது அலங்காரமாகத் தெரிகிறது. முக்கியமான சொல் என்று தோன்றுவதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதுவார்கள், ஊர்ப் பெயரைச் சின்ன எழுத்தில் விடுவார்கள். விதிகள் குறைவு, இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும்: வாக்கியத்தின் முதல் எழுத்து, ஆள் பெயர், ஊர்ப் பெயர், கிழமை, மாதம், மொழி, ‘நான்’ என்று பொருள்படும் ‘ஐ’. கிழமைக்கும் மாதத்துக்கும் பெரிய எழுத்து என்பதே நம்மவர்கள் அதிகம் மறப்பது. ‘மே’ என்பது பெரிய எழுத்தில் தொடங்கினால் மாதம், சின்ன எழுத்தில் தொடங்கினால் ‘கூடும்’ என்ற துணைவினை. ஒப்பந்தங்களில் ‘கம்பெனி’ என்ற சொல் பெரிய எழுத்தில் வந்தால், முன்னால் பெயர் சொல்லி வரையறுத்த அந்த ஒரு கம்பெனி என்று பொருள். சின்ன எழுத்தில் வந்தால் ஏதோ ஒரு கம்பெனி. சரக்கு ஒப்பந்தங்களைக் கையாள்கிறவர்கள் இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

மீண்டும் அந்த மெயில்

தம்பியின் வரிக்கு வருவோம். முதலில் கமா மட்டும் போட்டுப் பார்த்தோம்: ‘ப்ளீஸ் செண்ட் ரைஸ் பேக்ஸ், ஆயில் டின்ஸ், அண்ட் சோப் பாக்சஸ் வித் பில்.’ பொருட்கள் மூன்றும் தனித்தனியாக நின்றன. ஆனால் பில் இன்னும் சோப்பின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. சோப்பு பாக்சுக்குப் பின்னால் இன்னொரு கமா வைத்தால் பில் கொஞ்சம் விலகி மூன்றுக்கும் பொதுவாகத் தெரியும். இருந்தாலும் அவசரமாகப் படிப்பவர் அதைத் தவறவிடலாம். மெய்ன் சட்டமன்றம் குறியை மட்டும் மாற்றி விட்டுவிடவில்லை, சொல்லையும் மாற்றியது என்பதை நினைவூட்டினேன். தமிழில் முதலில் சொல்லிப் பாருங்கள், எது முன்னால் வருகிறது என்று பாருங்கள் என்றேன்.

“மூணுக்கும் தனித்தனியா பில் வச்சு அனுப்புங்க” என்றார்.

அதையே எழுதச் சொன்னேன். பத்து நிமிஷம் அடித்து அடித்து எழுதினார். கடைசியில் வந்தது இது: ‘ப்ளீஸ் செண்ட் அ செபரேட் பில் ஃபார் ஈச் ஐட்டம்: ரைஸ் பேக்ஸ், ஆயில் டின்ஸ், அண்ட் சோப் பாக்சஸ்.’ முதல் எழுத்து பெரிசு. பட்டியலுக்கு முன்னால் கோலன். உருப்படிகளுக்கு நடுவில் கமா. முடிவில் புள்ளி. பில் முன்னால் போய்விட்டதால் யாருடைய வாலையும் பிடிக்கவில்லை.

புத்தகத்தை மூடப் போனவர் நிறுத்திக் கேட்டார்: “சார், சட்டத்த மாத்திட்டாங்கன்னு சொன்னீங்களே. இப்ப அதே வேலைக்கு வர்ற டிரைவருக்கு ஓவர்டைம் உண்டா?”

டிஸ்ட்ரிபியூட்டிங் இப்போது தனி உருப்படி, அந்த விலக்கின்படி மாநிலச் சட்டத்தின் ஓவர்டைம் கிடையாது என்றேன்.

“அப்ப அந்த 127 பேரோட சரி” என்றார். கொஞ்ச நேரம் தான் எழுதிய வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மெயிலில் தட்டத் தொடங்கினார். ஒவ்வொரு கமாவுக்கும் விரல் ஒரு கணம் நின்று போனது.